இரண்டு கைப்பேசிகளில் எதை வாங்குவது?

உங்கள் வீடு குலசேகரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் உங்கள் அண்ணன் அடுத்த மாதம் ஊருக்கு வருகிறார். கல்லூரியில் படிக்கும் அக்காவுக்கு ஒரு நல்ல கைப்பேசி வாங்கித் தர வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஐபோன் 16, சாம்சங் கேலக்ஸி எஸ்25 என்று இரண்டு பெயர்களைச் சொல்லி, "ரெண்டுல எது கொள்ளாம்னு நீ பாத்துச் சொல்லு மக்கா. நீதான் சயின்ஸ் படிக்குதல்லா" என்று பொறுப்பை உங்கள் தலையில் வைத்துவிடுகிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்?

விளம்பரத் தாளை எடுத்துப் பார்ப்பீர்கள். அதில் எண்கள் மட்டுமே இருக்கும். 48, 50, 3561, 4000, 60, 120, ஐ.பி.68 என்று எண்கள் அணிவகுத்து நிற்கும். பெரிய எண் உள்ளதே நல்லது என்று எண்ணத் தோன்றும். அது எப்போதும் சரியாகாது. ஒவ்வோர் எண்ணும் எதை அளக்கிறது, அந்த அளவு நம் கண்ணுக்கும் கைக்கும் தெரியுமா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பள்ளியில் நீங்கள் படித்த கணக்கும் பௌதிகமும் போதும்.

முதலில் பணத்தைப் பார்ப்போம். ஐபோன் 16 இந்தியாவில் 2024 செப்டம்பரில் வெளிவந்தபோது 128 ஜி.பி. நினைவகம் கொண்டதன் விலை 79,900 ரூபாய். கேலக்ஸி எஸ்25 2025 ஜனவரியில் அறிமுகமானபோது 256 ஜி.பி. நினைவகம் கொண்டதன் விலை 80,999 ரூபாய். ஏறக்குறைய ஒரே விலை என்று தோன்றுகிறதல்லவா? ஆனால் நினைவகம் ஒன்றில் பாதிதான். 256 ஜி.பி. உள்ள ஐபோன் 16க்கு அப்போது 89,900 ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. ஆகவே ஒத்த பொருளை ஒத்த பொருளோடு ஒப்பிட்டால் வேறுபாடு 8,901 ரூபாய். ஒரு மணி நேரம் 'நாலு கே' தரத்தில் வீடியோ எடுத்தால் சுமார் 10 ஜி.பி. நிறைந்துவிடும் என்பதால், நினைவகத்தை அற்பமாக எண்ண முடியாது.

எண்பதாயிரம் ரூபாய் என்பது குலசேகரத்தில் எவ்வளவு? ரப்பர் ஷீட் கிலோ 200 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால் 400 கிலோ ஷீட். முந்நூறு மரங்களில் ஒரு நாள் பால் வெட்டினால் ஒன்பது பத்துக் கிலோ ஷீட் தேறும் என்று கொண்டால், நாற்பது நாளுக்கு மேற்பட்ட வெட்டு. அதில் கூலியும் ஆசிட்டும் புகைபோடும் செலவும் இன்னும் கழிக்கப்படவில்லை. மழைக்காலத்தில் வெட்டே நின்றுபோகும் நாட்களையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். தவறாகத் தேர்ந்தெடுத்தால் வீணாவது இவ்வளவு உழைப்பு.

இனித் திரைக்கு வருவோம். ஐபோன் 16இன் திரை 6.1 அங்குலம், எஸ்25இன் திரை 6.2 அங்குலம் என்கிறார்கள். இது அகலமுமன்று, உயரமுமன்று, மூலைவிட்டத்தின் நீளம். ஐபோன் திரையில் நீளவாக்கில் 2556, அகலவாக்கில் 1179 படப்புள்ளிகள் உள்ளன. எஸ்25இல் 2340, 1080. ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளிகள் என்று கண்டுபிடிக்கப் பிதாகரஸ் தேற்றமே போதும். 2556இன் வர்க்கத்தையும் 1179இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 2815 வரும். அதை மூலைவிட்டத்தின் துல்லியமான நீளமான 6.12ஆல் வகுத்தால் 460. இதே முறையில் எஸ்25க்கு 416 கிடைக்கும். போட்டுப் பாருங்கள்.

460 பெரிதா, 416 பெரிதா என்று கேட்டால் சின்னக் குழந்தையும் பதில் சொல்லும். நாம் கேட்க வேண்டியது வேறு: இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியுமா? ஓர் அங்குலம் 25.4 மி.மீ. எனவே ஐபோனில் ஒரு புள்ளியின் அகலம் 0.055 மி.மீ.; எஸ்25இல் 0.061 மி.மீ. நல்ல பார்வையுள்ள மனிதக் கண், இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகக் காண அவற்றுக்கிடையே ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணமாவது இருக்க வேண்டும். கைப்பேசியை 30 செ.மீ. தொலைவில் பிடித்தால் அந்தக் கோணம் 0.087 மி.மீ. இடைவெளிக்குச் சமம். இரண்டு திரைகளின் புள்ளிகளும் அதைவிடச் சிறியவை! எஸ்25ஐக் கண்ணுக்கு 21 செ.மீ. அளவுக்குக் கொண்டுவந்தால்தான் புள்ளி தெரியத் தொடங்கும். அவ்வளவு அருகில் வைத்துப் படிப்பது கண்ணுக்கு நல்லதன்று என்று உங்கள் அம்மா சொல்வார்; அதை நான் வேறு சொல்ல வேண்டியதில்லை. ஆகவே 460, 416 என்ற இரண்டு எண்களையும் அடித்துவிடுங்கள். திரையின் பரப்பிலும் வேறுபாடு மூன்று சதவீதம்கூட இல்லை. எடையிலும் 8 கிராம்தான்.

திரையில் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு வேறொன்று இருக்கிறது. ஐபோன் 16இன் திரை ஒரு வினாடிக்கு 60 தடவை படத்தை மாற்றுகிறது. எஸ்25இன் திரை 120 தடவை வரை மாற்றும். 60 தடவை என்றால் ஒரு படம் சுமார் 17 மில்லி வினாடி நிற்கும். 120 என்றால் 8 மில்லி வினாடி. உங்கள் விரல் வினாடிக்கு 10 செ.மீ. வேகத்தில் திரையைத் தள்ளுகிறது என்று கொள்ளுங்கள். முதல் திரையில் எழுத்துகள் 1.7 மி.மீ. தாவித் தாவி நகரும், இரண்டாவதில் 0.8 மி.மீ. 1.7 மி.மீ. தாவலைக் கண் எளிதில் உணரும். கடையில் இரண்டையும் அருகருகே வைத்து நீண்ட கட்டுரை ஒன்றை வேகமாகத் தள்ளிப் பார்த்தால் புரிந்துவிடும். 2025 செப்டம்பரில் வந்த ஐபோன் 17இல் இந்த எண்ணை 120 ஆக்கினார்கள் என்பதே இதற்குச் சாட்சி.

காமிராவில் 48 மெகாபிக்சல், 50 மெகாபிக்சல் என்பதைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். நீள அகலங்களில் வரும் வேறுபாட்டைக் காண 50ஐ 48ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். 1.02. அதாவது இரண்டே சதவீதம். அதுவும், சாதாரணமாகப் படம் எடுக்கும்போது இரண்டு கைப்பேசிகளும் நான்கு நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்துப் பன்னிரண்டு மெகாபிக்சல் அளவுள்ள படத்தையே தர வல்லவை.

வில்லையின் துளைதான் கவனிக்க வேண்டியது. ஐபோனில் எஃப் 1.6, எஸ்25இல் எஃப் 1.8. இந்த எண் சிறிதாக இருந்தால் துளை பெரிது. எண்ணின் வர்க்கத்துக்கு ஏற்ப ஒளி மாறும். 1.8ஐ 1.6ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 1.27. மங்கிய ஒளியில் ஐபோனின் உணர்பலகையில் ஒரே அளவு பரப்பில் 27 சதவீதம் கூடுதல் ஒளி விழும். கோயில் திருவிழாவின் இரவுப் படங்களுக்கு இது உதவும். மாறாக, மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேல் நடந்து போகிறவர்களைக் கீழே ஆற்றங்கரையிலிருந்து படம் பிடிக்க நினைத்தால் எஸ்25 முந்துகிறது. அதில் மூன்று மடங்கு பெரிதாக்கும் தனி வில்லை, 10 மெகாபிக்சலில் இருக்கிறது. ஐபோன் 16இல் அப்படி இல்லை. மையப் பகுதியை வெட்டியெடுத்துத்தான் பெரிதாக்க வேண்டும். மூன்று மடங்கு பெரிதாக்கினால் 48இல் ஒன்பதில் ஒரு பங்கு, அதாவது ஐந்து மெகாபிக்சல் சொச்சமே மிஞ்சும்.

அடுத்தது மின்கலம். 3561 மில்லி ஆம்பியர்-மணி, 4000 மில்லி ஆம்பியர்-மணி என்பவை மின்னூட்டத்தின் அளவுகள். ஆற்றலின் அளவுகள் அல்ல. ஆற்றலைக் காண வோல்ட்டால் பெருக்க வேண்டும். இரண்டிலும் சுமார் 3.9 வோல்ட் என்று கொண்டால் ஐபோனில் 13.9 வாட்-மணியும் எஸ்25இல் 15.6 வாட்-மணியும் வரும். நம் வீட்டு மின்கட்டண அட்டையில் காணும் ஒரு யூனிட் என்பது 1000 வாட்-மணி. ஒரு யூனிட்டில் எஸ்25ஐ எத்தனை தடவை நிரப்பலாம்? வெப்பமாக வீணாவதை விட்டுவிட்டால் 64 தடவை! வீணாவதைக் கழித்தாலும் 40க்குக் குறையாது. கைப்பேசியால் கரண்டு பில் ஏறிவிட்டது என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

எஸ்25இன் மின்கலம் 12 சதவீதம் பெரிது என்பதால் அது அதிக நேரம் உழைக்கும் என்று முடிவு செய்யலாமா? கூடாது. தொட்டி பெரிதாக இருப்பது மட்டும் போதாது. குழாயில் எவ்வளவு வடிகிறது என்பதும் தெரிய வேண்டும். 120 தடவை மாறும் திரை அதிகம் குடிக்கும். அதைவிட முக்கியம் நீங்கள் இருக்கும் இடம். கைப்பேசி ஓர் ஒலிபரப்பியும் ஆகும். கோபுரம் அருகில் இருந்தால் மிக மெல்லிய அலையோடு பேசிவிடும். குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை தாண்டிக் கோதையாற்று மலைப்பக்கம் போகப் போக, அலை வலுவிழப்பதால் கைப்பேசி தன் குரலை உயர்த்திக்கொண்டே போகும். 4ஜியில் பொதுவான உச்ச அளவு 0.2 வாட். அங்கே எந்தக் கைப்பேசியானாலும் மின்கலம் விரைவில் இறங்கும்.

நீரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஆண்டில் இரு பருவமழையும் பெறும் மாவட்டம் உங்களுடையது. இரண்டு கைப்பேசிகளுக்கும் ஐ.பி.68 என்ற தர எண் உண்டு. இதை 68 என்று சேர்த்துப் படிக்கக் கூடாது. 6 என்பது தூசிக்கு. அதில் அதற்கு மேல் தரம் இல்லை. 8 என்பது நீரில் மூழ்குவதற்கு. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரே அறிவிப்பார். அரை மணி நேரத்துக்கு ஆப்பிள் சொல்வது 6 மீட்டர். சாம்சங் சொல்வது 1.5 மீட்டர். பத்து மீட்டர் நீரின் அழுத்தம் ஒரு வளிமண்டல அழுத்தம். ஆகவே ஒன்று 0.6 வளிமண்டலத்தையும், மற்றது 0.15 வளிமண்டலத்தையும் தாங்கும் என்று பொருள்.

அப்படியானால் ஐபோனைத் திற்பரப்பு அருவியில் கொண்டுபோய்ப் பிடிக்கலாமா? அங்கே நீர் சுமார் 50 அடி, அதாவது 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. தடையின்றி விழும் நீரின் நிலையாற்றல் முழுவதும் இயக்க ஆற்றலாக மாறும். அது ஒரு பரப்பில் மோதி நிற்கும்போது தரும் அழுத்தம், அதே 15 மீட்டர் ஆழத்தில் உள்ள அழுத்தத்துக்குச் சமம். பாறையில் உரசியும் காற்றில் சிதறியும் பாதி ஆற்றல் போய்விட்டது என்றாலும் 7.5 மீட்டர் மிஞ்சுகிறது. ஆறு மீட்டர் என்ற எல்லையை அது தாண்டிவிட்டது. மேலும் 8 என்ற சோதனை அசையாத நன்னீரில் செய்வது; பாய்ந்துவரும் நீருக்கு 5, 6 என்று வேறு சோதனைகள் உள்ளன. முட்டம் கடற்கரையின் உப்புநீருக்கு இந்த உறுதிமொழி எதுவுமே பொருந்தாது. நீர் புகுந்து கெட்டால் பொதுவாக வாரண்டியில் மாற்றித் தரமாட்டார்கள் என்பதையும் அண்ணனிடம் சொல்லிவையுங்கள். மழையில் நனைவதற்கு இரண்டும் போதும். அருவிக்கு இரண்டும் வேண்டாம்.

மூளை எப்படி? ஐபோனில் ஏ18, எஸ்25இல் ஸ்னாப்டிராகன் 8 எலீட். வடிவமைத்தவர்கள் வேறு, ஆனால் இரண்டு சில்லுகளையும் அச்சிட்டுத் தருவது தைவானிலுள்ள டி.எஸ்.எம்.சி. என்ற ஒரே நிறுவனம். அக்காவின் படிப்புக்கு இரண்டுமே தேவைக்கு அதிகம். இன்னொன்று: ஐபோனின் முதுகில் மின்னேற்றியைப் பிடித்துக்கொள்ளும் காந்த வளையம் உள்ளது, எஸ்25இல் அதற்குத் தனி உறை வாங்க வேண்டும். இத்தகைய வலிய காந்தங்களில் இருப்பது நியோடிமியம் என்ற அருமண் தனிமம். உங்கள் மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட்டு என்னும் கனிமத்தில் அதே நியோடிமியம் இருக்கிறது!

இனி ஆயுட்காலம். என் கருத்தில் மெகாபிக்சலை விட இதுவே பெரிது. எஸ்25க்கு ஏழு ஆண்டுகள் மென்பொருளும் பாதுகாப்புத் திருத்தங்களும் தருவதாகச் சாம்சங் அறிவித்துள்ளது. ஆப்பிள் அப்படி விளம்பரம் செய்வதில்லை. ஆனால் 2018இல் வந்த ஐபோன் எக்ஸ்ஆர், 2024இல் வந்த ஐ.ஓ.எஸ். 18ஐயும் பெற்றது. ஏழு ஆண்டு உழைத்தால் 80,999 ரூபாய் ஆண்டுக்கு 11,571 ரூபாயாகும். மூன்றே ஆண்டில் தூக்கிப் போட்டால் 27,000 ரூபாய். இடையில் ஒரு தடவை மின்கலம் மாற்ற வேண்டிவரும். ஆகவே கடைக்காரரிடம் தவறாமல் கேளுங்கள்: பழுது பார்க்க நிறுவனத்தின் நிலையம் எங்கே இருக்கிறது? மார்த்தாண்டமா, நாகர்கோவிலா, திருவனந்தபுரத்துக்கே போக வேண்டுமா?

எல்லாவற்றையும் பார்த்தபின் என்னைக் கேட்டால், வெளிவந்த விலையில் எஸ்25 என்பேன். ஒத்த நினைவகத்துக்கு விலை குறைவு, திரையும் தொலைவில்லையும் மேல். வீட்டில் மற்றவர்களிடமும் ஐபோன் இருந்தாலோ, இரவுப் படம்தான் முக்கியம் என்றாலோ கணக்கு மாறும். ஐபோன் 17 வந்த அன்றே ஐபோன் 16இன் விலை 69,900 ஆகக் குறைந்தது. எனவே வாங்குகிற அன்றைய விலையைக் கொண்டு மறுபடி கணக்குப் போடுங்கள். அக்காவையும் ஒரு வார்த்தை கேளுங்கள். பாடம் கேட்கவும் அண்ணனோடு முகம் பார்த்துப் பேசவும் மட்டும்தான் என்று அவர் சொன்னால், மூன்றில் ஒரு பங்கு விலையுள்ள கைப்பேசி இந்த இரண்டையும் தோற்கடித்துவிடும்.

இப்போது ஒரு சோதனை. வீட்டிலுள்ள கைப்பேசியின் திரையில் வெள்ளைப் படம் ஒன்றைக் கொண்டுவந்து, பென்சில் முனையால் மிகச் சிறிய நீர்த்துளி ஒன்றை வையுங்கள். துளி குவிவில்லையாக வேலை செய்து, உங்கள் கண்ணால் காண முடியாத புள்ளிகளைப் பெரிதாக்கிக் காட்டும். வெள்ளை மறைந்து சிவப்பு, பச்சை, நீலம் தெரியும். மூன்றும் சமமான பட்டைகளாக நின்றால் அது எல்.சி.டி. திரை. பச்சைப் புள்ளிகள் மற்ற நிறங்களைப் போல் இரு மடங்கு இருந்தால், ஐபோன் 16இலும் எஸ்25இலும் உள்ளதைப் போன்ற ஓலெட் திரை. பார்த்து முடித்தவுடன் துளியைத் துடைத்துவிடுங்கள்.