போனில் வரும் ஜெர்மனி பையர்

கேள்வி: பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். இங்கிலீஷில் மெயில் எழுதிவிடுவேன். ஜெர்மனி பையர் போனில் வந்தால் மட்டும் வாய் வரமாட்டேன் என்கிறது. என்ன செய்ய?
– வாசகி, திருப்பூர்

பதில்: அவருக்கும் இங்கிலீஷ் தாய்மொழி இல்லையே! பாதி பயத்தை அங்கேயே விடுங்கள். மீதிக்குக் காரணம் லைன். சாதாரண டெலிபோன் லைன் சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். 'எஸ்', 'எஃப்' இரண்டையும் பிரித்துக் காட்டும் ஓசையில் பெரும்பகுதி அதற்கு மேலே. லண்டன்காரரே தடுமாறுவார். அதனால் ஸ்டைல் நம்பரை 'எஸ் ஃபார் சியரா, எஃப் ஃபார் ஃபாக்ஸ்ட்ராட்' என்றே சொல்லுங்கள். 'ஃபிஃப்டீனா, ஃபிஃப்டியா' என்று குழம்பினால் 'ஒன் ஃபைவ்?' என்று இலக்கம் இலக்கமாகத் திருப்பிக் கேளுங்கள். பதினைந்தாயிரம் பீஸ் ஐம்பதாயிரமானால் முதலாளி சிரிக்கமாட்டார். புரியாமலே 'யெஸ், யெஸ்' போடுவதுதான் ஆபத்து. போனை வைத்த கையோடு பீஸ், விலை, ஷிப்மென்ட் தேதி மூன்றையும் மெயிலில் போட்டு, சரிதானா என்று கேட்டுவிடுங்கள்.