கத்தியைக் கடைசியில் வாங்குங்கள்

ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்து, தண்ணீர் கல்லணை தாண்டி எங்கள் புது ஆற்றுக்கு வந்துவிட்டால் போதும், பாலத்துக் கைப்பிடிச் சுவரிலிருந்து குதிக்க ஆரம்பித்துவிடுவோம். ஒரத்தநாட்டுப் பக்கம் பிறந்தவனுக்கு நீச்சலை யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அந்தத் தைரியத்தில்தான், சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலையில் இருந்தபோது, லீவு கிடைத்ததும் மலேசியாவின் தியோமான் தீவுக்குப் போய் ஸ்கூபா படித்தேன். இப்போது ஊரோடு வந்துவிட்டேன். விடுமுறைக்கு வருகிற பிள்ளைகள் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு கேள்வி கேட்கிறார்கள்: எங்கே போய் முங்கலாம், எந்தக் கத்தி வாங்கலாம். பாதிப் பேர் கத்தியைத்தான் முதலில் கேட்கிறார்கள். சினிமா செய்த வேலை. அவர்களிடம் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

1. ஆற்று நீச்சலை நம்பிக் கடலில் இறங்காதீர்கள். ஆற்றில் நமக்குப் பழகிய பாடம் ஒன்றே ஒன்று: மூச்சைப் பிடி, முங்கு. ஸ்கூபாவில் உயிரை வாங்குவது அதே பாடம்தான். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு. அங்கே சிலிண்டர் காற்றை நெஞ்சு நிறைய இழுத்து, வாயை மூடிக்கொண்டு மேலே வந்தால், அந்தக் காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மேலே வரும்போது அவசரம் கூடாது. ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்று வர வேண்டும். முதல்படிப் பயிற்சியில் 200 மீட்டர் நீந்தச் சொல்வார்கள், பத்து நிமிடம் மிதக்கச் சொல்வார்கள். நம் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே முடித்துவிடுவார்கள். மூச்சைப் பிடிக்கிற பழக்கத்தை விடத்தான் நாளாகும். எனக்கு மூன்று நாள் ஆனது. பக்கத்தில் நின்ற, நீச்சலே சரியாக வராத சீனப் பெண் ஒருத்தி ஒரே நாளில் தேறினாள். மறப்பதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை.

2. பயிற்சிக்கு முன் டாக்டரைப் பாருங்கள். காது, சைனஸ், ஆஸ்துமா, இதயம். படிவத்தில் பொய் எழுதாதீர்கள்.

3. சிலிண்டரைக் கொண்டுபோய்க் காவிரியில் இறங்குகிற யோசனை வேண்டாம். ஆண்டுதோறும் ஒருவனாவது இதைக் கேட்கிறான். கல்லணைக்குக் கீழே சுழல். கொள்ளிடத்தில் மணல் அள்ளிய பள்ளங்கள். எந்த மதகின் பக்கம் போனாலும் தண்ணீர் ஆளை உறிஞ்சிப் பலகையோடு ஒட்டவைத்துவிடும். அப்படி ஒட்டியவனைக் காற்றும் காப்பாற்றாது, கத்தியும் காப்பாற்றாது.

4. பூம்புகார் ஆசையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இதைச் சொல்ல எனக்கே வருத்தம்தான். கடலுக்கடியில் பட்டினம் என்றால் தஞ்சாவூர்க்காரனுக்கு வேறு எந்த இடம் நினைவுக்கு வரும்? கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தார், எஸ்.ஆர். ராவ் தலைமையில், 1981 முதல் அங்கே தேடினார்கள். 1991இல் கரையிலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர் தள்ளி, 23 மீட்டர் ஆழத்தில், குதிரை லாட வடிவில் ஒன்றைக் கண்டார்கள். அது மனிதன் கட்டியதா, இயற்கையா, எந்தக் காலத்தது என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை. கிரகாம் ஹான்காக் என்ற ஆங்கில எழுத்தாளர் 2001இல் வந்து முங்கிவிட்டுப் பதினோராயிரம் ஆண்டுக்கும் மேல் என்று எழுதினார். தொல்லியல்காரர்கள் பலர் தலையை ஆட்டவில்லை. அதே கடலில் மூழ்கிக் கிடந்த ஒரு கப்பலிலிருந்து 1791, 1792 என்று ஆண்டு பொறித்த ஈயக் கட்டிகளை எடுத்தார்கள். அதில் சண்டைக்கு இடமே இல்லை, ஆண்டே எழுதியிருக்கிறது. என்னைக் கேட்டால் அந்தக் கப்பல்தான் சுவாரசியம். யாரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை.

ஆனால் இறங்கிப் பார்த்தால் என்ன தெரியும்? நம் வயலை வளர்த்த அதே வண்டல் அங்கே கண்ணை மறைக்கும். நீட்டிய கை தெரியாத நாளும் உண்டு. 23 மீட்டர் என்பது முதல்படி முடித்தவருக்கு அனுமதித்த 18 மீட்டரைத் தாண்டியது. அதற்கு மேல் அங்கே நீவாடு என்கிற நீரோட்டம் இழுக்கும், வலையும் கிடக்கும். ஆராய்ச்சிக்காரர்கள் பாடுபட்டுத் தடவித் தடவி வேலை செய்த இடம் அது. சுற்றுலாவுக்கு ஆகாது.

5. மல்லிப்பட்டினத்துப் பக்கம் முங்குவதற்கு இல்லை, கரையில் நின்று பார்ப்பதற்கு. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதற்காக இரண்டாம் சரபோஜி கட்டிய மனோராவில் ஏறிப் பாருங்கள். முன்னால் தெரிகிற பாக் நீரிணை ஆழமற்றது, அடியெல்லாம் கடல்புல். அந்தப் புல்லை மேய்கிற கடல்பசுவை அந்தக் கரையில் ஆவுளியா என்பார்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் கடல்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. நாட்டிலேயே முதல். அதை மேய விடுங்கள்.

6. இடத்தைக் காற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், படத்தைப் பார்த்து வேண்டாம். சம்பா நடவுக்கு மழையை எண்ணுகிற ஊர் இது. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று அடிக்கும்போது சோழமண்டலக் கரையே கலங்கிக் கிடக்கும். அப்போது புதுச்சேரிக்குப் பணம் கட்டாதீர்கள். மழை ஓய்ந்து கடல் தெளிந்தபின் நமக்கு மிக அருகே உள்ள இடம் அதுதான். தொடக்கக்காரருக்குத் தாராளமாகச் சொல்வேன். தண்ணீர் கண்ணாடியாக இருக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். கண்ணாடி வேண்டுமென்றால் அந்தமானில் ஹேவ்லாக். இப்போது பெயர் சுவராஜ் தீவு. நவம்பர் முதல் மே வரை போகலாம். லட்சத்தீவில் கட்மத், பங்காரம் இன்னும் தெளிவு. அனுமதிச் சீட்டு முன்கூட்டியே வாங்க வேண்டும். மேற்குக் கரையில் முருதேஸ்வரத்திலிருந்து படகில் போகிற நேத்ராணி தீவு, தென்மேற்குப் பருவமழை விட்ட பிறகு.

என் மனசுக்கு நெருக்கம் திருக்கோணமலை. மே முதல் செப்டம்பர் வரை அங்கே கடல் அமைதி. கோணேசர் கோயிலைப் போர்த்துகீசியர் இடித்துக் கடலில் தள்ளினார்கள் அல்லவா? 1950களில் மைக் வில்சன் என்பவர் கோயில் நின்ற செங்குத்துப் பாறைக்கு அடியில் முங்கி, செதுக்கிய தூண்களையும் கற்களையும் கண்டார். அவருடைய நண்பர், விண்வெளிக் கதைகள் எழுதிய ஆர்தர் சி. கிளார்க், அதைப் புத்தகத்திலும் எழுதினார். தேவாரம் பாடிய தலத்தின் கல் ஒன்று பாசி பிடித்து, மேலே மீன் மேய, அடியில் கிடப்பதைப் பார்த்த அன்று நான் யாரோடும் பேசவில்லை. மட்டக்களப்புக்கு அப்பால் 1942இல் ஜப்பான் விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் கப்பல் 50 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. அது உங்களுக்கு இல்லை. எனக்கும் இல்லை.

கடைசி முங்கலுக்கும் விமானத்துக்கும் இடையே 18 மணி நேரமாவது விடுங்கள். டிக்கெட் எடுக்கும்போதே கணக்குப் போட வேண்டியது இது.

7. இனிக் கத்தி. அது சுறாவுக்கு இல்லை. இத்தனை ஆண்டில் சுறா என்னை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. நான் பார்த்த சிலதும் திரும்பிப் போய்விட்டன. முங்குகிறவனின் எதிரி நூல். அறுந்துபோன வலை, தூண்டில் நரம்பு, படகிலிருந்து கழன்ற நைலான் கயிறு. கண்ணாடிபோன்ற நரம்பு தண்ணீரில் தெரியவே தெரியாது.

நான் முதலில் வாங்கியது பெரிய கத்தி. முழங்கை நீளம், ஒரு பக்கம் ரம்பம், உறையோடு கெண்டைக்காலில் கட்டினால் கண்ணாடி முன் நின்று பார்த்துக்கொள்ளலாம் போலிருக்கும். நாலாவதோ ஐந்தாவதோ முங்கலில், பாறை இடுக்கில் கிடந்த நரம்பு வலதுகால் துடுப்பின் பட்டையில் சுற்றிக்கொண்டது. கத்தி இருப்பதும் அதே காலில். குனிந்தால் சிலிண்டர் தலையை முட்டுகிறது, காலை மடக்கினால் நரம்பு இறுகுகிறது. விரல் உறையைத் தொட்டது, திறக்க முடியவில்லை. கூட வந்த பிலிப்பினோ நண்பர் தோள்பட்டையிலிருந்து விரல் நீளத்தில் ஏதோ ஒன்றை எடுத்தார். ஒரே இழுப்பு. தீர்ந்தது. மேலே வந்தபின் அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் காலைப் பார்த்துச் சிரித்தார், அவ்வளவுதான்.

8. வெட்டவேண்டிய பொருளைப் பார்த்துக் கத்தியின் வாயைத் தேர்ந்தெடுங்கள். நம் வீட்டில் இருக்கிற கருவிகளை நினைத்துக்கொண்டாலே பாதி புரியும். ஈரக் கதிரை அறுக்க ஏன் கருக்கரிவாள்? வழவழப்பான வாய் வழுக்கும், பல் பிடித்து அறுக்கும். ஈர நைலான் கயிறும் அப்படித்தான். ஆகவே கத்தியின் வாயில் ஒரு பகுதியாவது பல் வைத்ததாக இருக்கட்டும். மெல்லிய நரம்புக்குக் கத்தியே வேண்டாம். பிளேடு உள்ளே ஒளிந்திருக்கிற சின்னக் கொக்கி போதும். கொளுவி இழுத்தால் அறும், கையைக் கீறாது. தூண்டிலில் சேர்க்கிற எஃகுக் கம்பியைக் கத்தியும் அறுக்காது, கொக்கியும் அறுக்காது. அதற்குப் பாக்குவெட்டிபோல இரண்டு பக்கமும் கடிக்கிற கனமான கத்தரிக்கோல். ஆம்புலன்ஸ்காரர்கள் உடுப்பை வெட்ட வைத்திருப்பார்களே, அந்த வகை. விலையும் மலிவு.

தொடக்கக்காரருக்கு என் கணக்கு: ஒரு கொக்கி, ஒரு சிறு கத்தி. வாய் மூன்று நான்கு அங்குலம் போதும். முனை கூராக வேண்டாம், மழுங்கலாக, உளிபோல இருக்கட்டும். கலக்கத்தில் கூர்முனை முதலில் குத்துவது உங்கள் காற்று ஜாக்கெட்டை, அடுத்தது கூட்டாளியை. பிடியின் அடிப்பக்கம் உலோகமாக இருந்தால் சிலிண்டரைத் தட்டிக் கூப்பிடலாம். மடக்குக் கத்தி வேண்டாம். விறைத்த விரலுக்கு அது திறக்காது.

9. இரும்பு விஷயம் நம் கொல்லர் சொன்னதுதான்: கூர் நிற்கிற இரும்பு துருப்பிடிக்கும், துருப்பிடிக்காத இரும்பில் கூர் நிற்காது. 420, 440 என்று போட்டிருந்தால் கூர் நிற்கும், கழுவாவிட்டால் ஒரே வாரத்தில் செம்புள்ளி. 304, 316 என்றால் துரு குறைவு, சீக்கிரம் மழுங்கும். டைட்டானியம் துருவே பிடிக்காது, எடையும் இல்லை, விலைதான் எடை. முதல் கத்தி எப்படியும் கடலில் விழுந்துவிடும். மலிவானதையே வாங்குங்கள்.

10. எந்தக் கையால் எடுத்தாலும் எட்டுகிற இடத்தில் மாட்டுங்கள். நெஞ்சுப் பட்டையிலோ இடுப்புப் பட்டையின் நடுவிலோ. காலில்தான் கட்டுவேன் என்றால் உள்பக்கம். வெளிப்பக்கம் உறையே வலையை இழுத்துக்கொள்ளும். வாங்கி வந்ததும் வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு நூறு முறை எடுத்து, திரும்ப உறையில் போட்டுப் பழகுங்கள். திரும்பப் போடுகிறபோதுதான் கை வெட்டுப்படும்.

11. சிக்கினால் திரும்பாதீர்கள். உதறினால் ஒரு சுற்று மூன்று சுற்றாகும். நில், மூச்சு விடு, வந்த வழியே ஒரு முழம் பின்வாங்கு. பாதி நேரம் அதிலேயே கழன்றுவிடும். இல்லையென்றால் கூட்டாளியைக் கூப்பிடுங்கள்; வெட்டுகிறவர் அவராக இருப்பது நல்லது, அவருக்குத் தெரியும் உங்கள் முதுகில் என்ன இருக்கிறது என்று. இழுத்து நிறுத்தி, உடம்புக்கு வெளிப்பக்கமாக, ஒவ்வொரு இழையாக. காற்றுக்குழாய் எது, கயிறு எது என்று தடவிப் பார்த்த பிறகே கத்தி. முத்துக்குளிக்கும் காலத்தில் மேலே கயிறு பிடிப்பவர் மச்சானாக இருக்க வேண்டும் என்பார்கள். தங்கை தாலிக்காகவாவது கயிற்றை விடமாட்டானாம். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961. மச்சானைத் தேட உங்களுக்கு நேரமில்லை. கத்தி எங்கே இருக்கிறது என்று இறங்குவதற்கு முன் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளுங்கள், அது போதும்.

12. எல்லா வலையும் அறுக்கிற வலை இல்லை. மிதவை கட்டி நிற்கிற வலை ஒருவருடைய சோறு. அதை அறுத்தால் நாகப்பட்டினத்திலோ அதிராம்பட்டினத்திலோ ஒரு வீட்டில் கடன் ஏறும். சுற்றிப் போங்கள். பாறையில் கிடக்கிற செத்த வலையை எடுப்பது நல்ல காரியம்தான், ஆனால் தொடக்கக்காரர் வேலை இல்லை. எடுக்கப் போனவரையே அது எடுத்துக்கொள்ளும். நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். இழுவலைத் தொல்லை குறைந்த அந்த நாட்களில் முதல் முங்கலை வைத்துக்கொள்வது எனக்குப் பிடிக்கும்.

கத்தியால் பவளத்தைக் கொத்துவது 1972ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டில் சில கடல் பூங்காக்களில் கத்தியே கூடாது, கையுறையும் கூடாது. கேட்டுக்கொண்டு எடுத்துப் போங்கள். விமானத்தில் பெட்டிக்குள் போடுங்கள். கைப்பையில் வைத்து விமான நிலையத்தில் இழந்தவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.

13. கரையேறியதும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கடலோர ஊர்களில் போர் தண்ணீரே உப்பு. நாக்கில் வைத்துப் பாருங்கள். உறையைக் கழற்றி உள்ளேயும் கழுவி, நிழலில் காயவைத்து, இரும்பில் மட்டும் துளி தேங்காய் எண்ணெய். ரப்பரில் படவேண்டாம், சிலிண்டர் வால்வுப் பக்கம் எண்ணெய்க் கையோடு போகவே கூடாது, அழுத்தத்தில் தீப்பிடிக்கலாம். சாணை பிடிக்க வருகிறவரிடம் பல் வைத்த வாயைக் கொடுத்தால் பல்லை மழித்துவிட்டுப் பளபளவென்று திருப்பித் தருவார்.

என்னுடைய அந்த முழங்கை நீளக் கத்தியை அப்படித்தான் ஒருவர் மழித்தார். இப்போது கொல்லையில் கிடக்கிறது. வாழைத்தார் வெட்ட எடுத்துப் பார்த்தேன், அதற்கும் மொக்கை. வீட்டில் அரிவாளைத்தான் கேட்கிறார்கள்.