60 ஆயிரத்தில் ஒரு மண்டபம்

சென்னையிலிருந்து திருத்தணி வழியாகத் திருப்பதிக்குப் போகிற சாலையில் இருக்கிறது நகரி. விசைத்தறி ஊர். தெருவுக்குத் தெரு தறிச் சத்தம். தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும்.

இந்த ஊரில் ஒருவர் சிறிய கல்யாண மண்டபம் கட்டினார் என்று வைத்துக்கொள்வோம். தரையில் டைல்ஸ், மேலே தகரக் கூரை. 300 பேர் உட்காரலாம். மைக் செட்டும் மேடை விளக்கும் மட்டும் பாக்கி. சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் தம்பியைக் கூப்பிட்டார்.

"தம்பி, திருப்பதியில் ஒரு மண்டபம் பார்த்தேன். பெரிய பாக்ஸ் 4, கலர் லைட் சுற்றிச் சுற்றி வருகிறது, புகை வருகிறது. வாசலில் குழாய் ஸ்பீக்கரும் வேண்டும். அப்படியே செய்துவிடு. 60 ஆயிரம் தருகிறேன்."

தம்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் கேட்டதெல்லாம் சேர்த்தால் 2 லட்சத்துக்கு மேல் ஆகும். "முடியாது" என்று சொன்னால் வேலை போய்விடும். "சரி" என்று சொன்னால் எங்காவது குறைக்க வேண்டும். எங்கே குறைப்பது? கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான். சுவருக்குள் போகிற வயரில் குறைக்கலாம். எர்த் போடாமல் விடலாம். யாருக்குத் தெரியும்?

2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபம் தீப்பிடித்தது. மாடியில் கீற்றுப் பந்தல் போட்டிருந்தார்கள். வீடியோ எடுப்பதற்காக இழுத்த மின்சார வயரில் கோளாறு. தீப்பொறி கீற்றில் பட்டது. மணமகன் உட்பட 50 பேருக்கு மேல் இறந்தார்கள். வயரில் வந்த கோளாறு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

தம்பி "சரி" என்றும் சொல்லவில்லை. "முடியாது" என்றும் சொல்லவில்லை. ஒரு தாள் கேட்டார்.

"அண்ணா, மண்டபத்தில் என்னென்ன நடக்கும்?"

"கல்யாணம், காதுகுத்து, எப்போதாவது கூட்டம்."

"ஆட்டம் பாட்டு?"

"வரவேற்புக்கு ஒன்றிரண்டு பேர் கேட்பார்கள்."

"அப்படியானால் சுற்றுகிற லைட்டும் புகை மிஷினும் வாங்க வேண்டாம். யார் கேட்கிறார்களோ அவர்கள் அன்றைக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்ளட்டும். குழாய் ஸ்பீக்கர் எதற்கு?"

"விடிகாலை முகூர்த்தத்துக்குத்தான்."

"இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியே ஒலிபெருக்கி வைக்கக் கூடாது அண்ணா. 2000-ம் ஆண்டு விதி. மூடிய மண்டபத்துக்குள் நம் ஆட்களுக்குக் கேட்கிற அளவு வைக்கலாம். வாசலில் கட்டினால் போலீஸ் வரும்."

மூன்று பொருள் பட்டியலிலிருந்து போயிற்று. பிறகு மேடை விளக்கு. அவர் கேட்டது 1000 வாட் விளக்கு 8. வாங்கும்போது விலை குறைவுதான். ஆனால் 8 விளக்கும் எரிந்தால் 8000 வாட். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 8000-ஐ 230-ஆல் வகுத்தால் சுமார் 35 ஆம்பியர். அத்தனை மின்சாரம் மெல்லிய வயரில் போனால் வயர் சூடாகும். மேலே உள்ள உறை இளகும். 1 மணி நேரத்துக்கு 8 யூனிட் கரண்ட் வேறு. 100 வாட் எல்.இ.டி. விளக்கு 8 போட்டால் 800 வாட்தான். 4 ஆம்பியர்கூட வராது. 1 மணி நேரத்துக்கு 1 யூனிட்டும் ஆகாது. விளக்கு விலை கூடுதல். கரண்ட் பில் குறையும், சூடும் குறையும்.

பெரிய பாக்ஸ் விஷயத்தில் மண்டபத்துக்காரர் விடவில்லை. "சத்தம் வேண்டாமா தம்பி?" என்றார்.

தம்பி நடுவில் நின்று ஒருமுறை கை தட்டினார். தட்டிய சத்தம் சுவரில் பட்டு, கூரையில் பட்டுத் திரும்பி வந்தது. "கேட்டீர்களா? இங்கே பெரிய பாக்ஸ் வைத்தால் எல்லாம் இப்படித்தான் திரும்பி வரும். ஐயர் மந்திரம் சொன்னாலும் புரியாது, மொய் எழுதக் கூப்பிட்டாலும் புரியாது. சுவர் ஓரமாகச் சின்ன ஸ்பீக்கர் 4 வைப்போம். ஆள் பக்கத்திலேயே ஸ்பீக்கர் இருந்தால் சத்தம் குறைவாக வைத்தாலே போதும். பின் சுவரில் தடித்த திரை மடிப்பு மடிப்பாகத் தொங்கட்டும். எதிரொலி குறையும். துணிக்கு நாம் வெளியூர் போக வேண்டுமா?" துணி ஊர்க்காரருக்கு இது உடனே பிடித்துப்போயிற்று. விளக்குக்குப் பக்கத்தில் மட்டும் அந்தத் திரை வரக் கூடாது.

இப்போது தாளில் எழுதினார்கள். (இந்த விலைகள் பாடத்துக்காகப் போட்டவை. உங்கள் ஊர்க் கடையில் விலை கேட்டுக்கொள்ளுங்கள்.)

செம்பு வயர், பைப், எர்த், சுவிட்சுகள் — 24,000
ஆம்ப்ளிஃபயர் — 9,000
மிக்சர் — 7,000
சின்ன ஸ்பீக்கர் 4 — 14,000
மைக் 2 — 3,000
எல்.இ.டி. விளக்கு 4 — 10,000
கூலி — 8,000
மொத்தம் — 75,000

"இன்னும் 15 ஆயிரம் இடிக்கிறதே தம்பி. வேறு ஒருவர் 60-க்கே எல்லாம் செய்கிறேன் என்கிறார்."

"செய்யட்டும் அண்ணா. இதே சீட்டை அவரிடம் கொடுங்கள். என்ன அளவு வயர், எர்த் உண்டா, கெட்டுப்போனால் யார் வந்து பார்ப்பது, எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்."

மண்டபத்துக்காரர் முதல் வரியைக் காட்டினார். "இந்த 24 ஆயிரத்தைக் குறையேன்."

"அதை மட்டும் தொட மாட்டேன். ஈரக் காலோடு குழந்தை ஓடும். மைக்கைப் பிடித்தவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது. மின்கசிவு வந்தால் தானாக அணைகிற சுவிட்சும் இந்த 24 ஆயிரத்துக்குள்தான் இருக்கிறது. மற்ற எதை வேண்டுமானாலும் நீங்களே அடியுங்கள்."

பேனா மண்டபத்துக்காரர் கைக்குப் போனது. வீட்டில் ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர் இருந்தது. தம்பி சோதித்துப் பார்த்தார். நல்ல நிலையில் இருந்தது. 9,000 குறைந்தது. விளக்கு இப்போதைக்கு 2 போதும் என்றார். இன்னொரு 5,000 குறைந்தது. மீதி 61,000. அந்த ஆயிரத்தை அவரே ஏற்றுக்கொண்டார். பின்னால் போடப்போகிற விளக்குகளுக்கும் சேர்த்து வயரும் பைப்பும் இப்போதே போட்டார்கள். ஐப்பசி முகூர்த்தத்தில் வாடகை வந்தால் விளக்கு வாங்கலாம். அப்போது சுவரை உடைக்க வேண்டியதில்லை.

சீட்டு இரண்டு எழுதினார்கள். ஆளுக்கு ஒன்று. முன்பணம் எவ்வளவு, பாக்கி எப்போது, வேலை எந்தத் தேதிக்குள் முடியும் என்பதும் அதில் உண்டு. நகரியில் அதைத் தெலுங்கில் எழுதினாலும் சரி, தமிழில் எழுதினாலும் சரி. இருவருக்கும் படிக்கத் தெரிந்த மொழியாக இருக்க வேண்டும். எழுத்துக் கற்ற பிறகும் வாய்க்கணக்கில் வேலை பேசுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர்.

இப்போது நீங்கள் கணக்குப் போடுங்கள்

உங்கள் ஊர்த் திருவிழாவுக்கு 500 வாட் விளக்கு 12 கட்டுகிறார்கள். 5 மணி நேரம் எரிகிறது. எத்தனை யூனிட் ஆகும்? அதற்குப் பதில் 50 வாட் எல்.இ.டி. விளக்கு 12 கட்டினால் எத்தனை யூனிட்? (1000 வாட் 1 மணி நேரம் எரிந்தால் 1 யூனிட்.)

விடை: 30 யூனிட், 3 யூனிட்.