பிள்ளைகளின் மேடைக் குரல்

கடந்த வாணி விழாவில் ஒரு சொல்லும் பிழைவிடாமல் பேசிய சிறுமி ஒருத்தி, மேடையை விட்டு இறங்கியதும் "அம்மா, நான் பிழையாகச் சொன்னேனா?" என்று கேட்டாள். பிழை சொல்லில் இல்லை. ஒவ்வொரு வசனத்தின் முடிவிலும் அவள் குரல் மேலெழுந்தது. சபையிடம் அனுமதி கேட்பதுபோல் தொனித்தது.

அவுஸ்திரேலிய ஆங்கிலத்தில் இவ்வாறு பேசுவது வழக்கம். கேட்பவர் தொடர்ந்து வருகிறாரா என்று பார்க்கவும் அது உதவும். ஆகவே பிள்ளைகளைக் கண்டிக்க வேண்டாம். தமிழில் "வந்தார்" என்பதுடன் "ஆ" சேர்ந்து "வந்தாரா" என்றாலே வினாவாகிவிடும் என்பதை மட்டும் எடுத்துச் சொல்வோம்.

வீட்டில் செய்யக்கூடிய பயிற்சிகள்:

1. வசனத்தின் கடைசிச் சொல்லில் குரலைத் தாழ்த்துக. ஆனால் விழுங்கிவிட வேண்டாம். பின்வரிசைக்கும் அது கேட்க வேண்டும்.

2. "நான் நாளை வருவேன்" என்பதை மும்முறை சொல்லி, ஒவ்வொரு முறையும் வேறொரு சொல்லை அழுத்துக. பொருள் மாறுவதைப் பிள்ளையே உணரும்.

3. முற்றுப்புள்ளியில் ஒரு மூச்சு நிறுத்துக. அவசரம் அச்சத்தைக் காட்டிவிடும்.

திருக்குறளில் சொல்வன்மை 65ஆம் அதிகாரம். அவையஞ்சாமை 73ஆம் அதிகாரம். பேசத் தெரிவது வேறு, சபைக்கு அஞ்சாதிருப்பது வேறு என்று வள்ளுவர் பிரித்தே வைத்தார். முன்னதை எமது பிள்ளைகள் மனனம் செய்து பெறுகிறார்கள். பின்னதற்கு, நாம் தினமும் பத்து நிமிடம் எதிரே அமர்ந்து, இடைமறிக்காமல் கேட்டாலே போதும்.