மறுநாளும் பசிக்கும்

பாளையங்கோட்டை

பிரியமுள்ள மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. வாலிபர் சங்கத்துக்கு உன்னைச் செயலாளராகப் போட்டிருக்கிறார்கள் என்பதும், கிறிஸ்துமஸ் அன்று அரசு ஆஸ்பத்திரி வாசலில் பிரியாணிப் பொட்டலம் கொடுக்கப் போகிறீர்கள் என்பதும் படித்துச் சந்தோஷப்பட்டேன். இந்த வயதில் அடுத்தவர் பசி உன் கண்ணில் பட்டிருக்கிறதே, அதுவே பெரிய காரியம். யோசனை கேட்டிருக்கிறாய். மனதில் பட்டதை மறைக்காமல் எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸ் அன்று அந்த வாசலுக்கு உங்களைத் தவிர இன்னும் நாலு பேர் பொட்டலத்தோடு வருவார்கள். ஒருவர் கையிலேயே இரண்டு மூன்று சேர்ந்துவிடும். சாயங்காலம் பிரித்தால் ஊசிப் போயிருக்கும். 26-ஆம் தேதி காலையில் அதே வாசலில் யாரும் வந்து நிற்கமாட்டார்கள். பண்டிகைக்குப் பண்டிகை தர்மம் செய்வதில் நம் சபைகளுக்குக் குறைவில்லை. குறைவெல்லாம் இடைப்பட்ட நாட்களில்தான். எவ்வளவு கொடுத்தோம் என்பதைவிடத் தவறாமல் கொடுத்தோமா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அதற்கு ஒரு கோயிலின் கதையைச் சொல்ல வேண்டும்.

நியூயார்க் நகரில், மன்ஹாட்டனின் செல்சி பகுதியில், ஒன்பதாம் அவென்யூவில் ‘ஹோலி அப்போசல்ஸ்’ என்றொரு எபிஸ்கோபல் ஆலயம் இருக்கிறது. நம் சி.எஸ்.ஐ.க்குச் சொந்தக்காரர்கள் என்றே வைத்துக்கொள். இரண்டிலும் ஆங்கிலிக்கன் பாரம்பரியம் உண்டு. ஹட்சன் ஆற்றுத் துறையில் வேலை செய்த, கப்பலேறி வந்து குடியேறிய ஏழைகளுக்காக 1844-இல் உருவான சபை அது. காலப்போக்கில் துறைமுக வேலை போனது, குடும்பங்கள் இடம் பெயர்ந்தன. 1980-களின் தொடக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருவோர் சொற்பமாகி, கட்டடமும் பழுதாகி, கோயிலை மூடிவிடலாமா என்று பேசும் நிலைக்கு வந்துவிட்டார்கள்.

அப்போது அமெரிக்காவில் வேலையில்லாத் திண்டாட்டம் கடுமையாக இருந்தது. 1982 கடைசியில் அது பத்து சதவீதத்தையும் தாண்டியது. ரீகன் அரசு ஏழைகளுக்கான உணவுக் கூப்பன் செலவைக் குறைத்தது. நியூயார்க்கில் தனியாள்கள் குறைந்த வாடகைக்குத் தங்கிவந்த விடுதிகள் ஒவ்வொன்றாக வசதியானவர்களின் குடியிருப்புகளாக மாறின. மனநல மருத்துவமனைகள் நோயாளிகளை வெளியே அனுப்பின. வெளியே அவர்களைப் பார்த்துக்கொள்ளப் போதிய ஏற்பாடு இல்லை. இத்தனையும் சேர்ந்து நகரத்துத் தெருக்களில் மனிதர்களைப் படுக்க வைத்தது. பசிக்குப் பின்னால் இப்படிப் பல காரணங்கள் இருக்கும் என்பதை மனதில் வைத்துக்கொள். ‘உழைக்கச் சோம்பல்’ என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிடுகிறவர்கள் நம் சபையிலும் உண்டு.

மூடத்தான் வேண்டும் என்றால், மூடுவதற்கு முன் உருப்படியான ஒரு வேலையைச் செய்துவிட்டு மூடுவோம் என்று அந்தச் சபையின் குருவானவர் ராண்ட் ஃப்ரூவும் சபையாரும் துணிந்தார்கள். 1982 அக்டோபரில் மதியச் சாப்பாடு தொடங்கியது. முதல் நாள் சாப்பிட்டவர்கள் ஏறக்குறைய 35 பேர். மறுநாளும் போட்டார்கள். அதற்கு மறுநாளும் போட்டார்கள். சில ஆண்டுகளில் வார நாள் ஒவ்வொன்றிலும் ஆயிரம் பேர் அளவுக்கு வரிசை நீண்டது. மூடப்பட இருந்த கோயிலை அந்தச் சாப்பாடுதான் உயிரோடு வைத்தது என்பது என் எண்ணம். நகரம் முழுவதிலிருந்தும் பணம் வந்தது, ஆட்களும் வந்தார்கள். பரிமாற வந்தவர்களில் பலர் அந்தச் சபையாரே இல்லை. வேறு மதத்தவர்கள், எந்த மதமும் இல்லாதவர்கள்.

1990 ஏப்ரலில் கோயில் தீப்பற்றிக் கூரை போனது. பழைய வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் சில அழிந்தன. ஒரு சபைக்கு இதைவிடப் பெரிய துக்கம் என்ன இருக்க முடியும்? ஆனால் மறுநாள் மதியம் வழக்கம்போல் சாப்பாடு போட்டார்கள். கருகிய கட்டடத்துக்கு அழுவதற்கு நேரம் பிறகும் கிடைக்கும். வரிசையில் நிற்கிறவருக்கு அன்றைய பசி அன்றைக்குத்தான். நான்கு ஆண்டுகள் பாடுபட்டு 1994-இல் கோயிலைப் புதுப்பித்து முடித்தபோது, நடுக்கூடத்தில் பழையபடி பெஞ்சுகளை நிரந்தரமாகப் பதிக்கவில்லை. அந்த இடத்தில் மேசை போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடக்கும் அதே கூடத்தில், அதே வண்ணக் கண்ணாடிகளின் கீழ், வார நாட்களில் தெருவில் படுத்தெழுந்தவர்கள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

பின்கட்டில் கொட்டகை போட்டு ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுக்கும் கோயில்கள் உலகெங்கும் இருக்கின்றன. பலிபீடம் தெரியும் இடத்தில் அவர்களை உட்கார வைத்ததுதான் இந்தச் சபையின் சிறப்பு. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் பதினோராம் அதிகாரத்தை எடுத்து வாசி. சபை கூடும் விருந்தில் ஒருவன் பசியாக இருக்க இன்னொருவன் மிதமிஞ்சிக் குடித்திருப்பதைக் கண்டு பவுல் கோபப்படுகிறார். நற்கருணைப் போதனையே அங்கே அந்தக் கோபத்தின் நடுவில்தான் வருகிறது.

ஹோலி அப்போசல்ஸில் வருகிறவர்களை ‘விருந்தாளிகள்’ என்றுதான் அழைக்கிறார்கள். யார், ஏன் வந்தாய், எவ்வளவு வருமானம், எந்தச் சபை என்ற கேள்வி கிடையாது. வரிசையில் நின்றால் சாப்பாடு. வேறு உதவி வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ஆட்கள் இருக்கிறார்கள்; கேட்டால் செய்வார்கள், கேட்காதவரைத் துருவமாட்டார்கள். 1995 முதல் இயன் ஃப்ரேசியர் என்ற எழுத்தாளர் அங்கே சாப்பிட வருகிறவர்களோடு உட்கார்ந்து ஓர் எழுத்துப் பட்டறை நடத்தினார். சாப்பாட்டுக்கு வந்தவர்கள் தங்கள் கதையைத் தாங்களே எழுதினார்கள். அது 2004-இல் புத்தகமாகவும் வந்தது. பசித்தவனுக்கு வயிறு மட்டும்தான் உண்டு என்று நினைக்காத ஒரு சபையால்தான் இதைச் செய்ய முடியும்.

இதற்கு நேர்மாறானதைப் பார்க்க வேண்டுமானால் ஜார்ஜ் ஆர்வெல் 1933-இல் பாரிஸ், லண்டன் ஏழை வாழ்க்கையைப் பற்றி எழுதிய புத்தகத்தைத் தேடிப் படி. நாடோடிகளோடு நாடோடியாகத் திரிந்தபோது லண்டனில் ஒரு கோயிலில் தேநீர் கொடுத்துவிட்டுக் கட்டாயமாக ஆராதனையில் உட்கார வைத்ததைச் சொல்கிறார். தேநீரை வாங்கிக் குடித்த அந்த மனிதர்கள் ஆராதனை நேரம் முழுக்கக் கேலியும் கூச்சலுமாக நடந்துகொள்கிறார்கள். நன்றிகெட்டவர்கள் என்று நாம் சொல்லிவிடலாம். சோற்றைக் காட்டி முழங்கால்படியிட வைத்தால் மனிதன் தன் மானத்தை வேறு எந்த வழியில் காப்பாற்றிக்கொள்வான்? ஆகவே பொட்டலத்தோடு துண்டுப் பிரசுரம் வைக்க வேண்டும் என்று சங்கத்தில் யாராவது சொன்னால், மரியாதையாக, ஆனால் உறுதியாக, வேண்டாம் என்று சொல். போட்டோவும் வேண்டாம். கை நீட்டி வாங்குகிற முகத்தை உன் செல்போனில் நீ வைத்திருக்க உனக்கு உரிமை இல்லை. நம் ஊர்க் கோயிலின் அசன விருந்தை நினைத்துப் பார். பந்தியில் உட்கார்ந்தவரிடம் யாராவது நீ ஏழையா என்று கேட்கிறோமா? இலையில் சோறு விழுகிறது, சாப்பிடுகிறோம், எழுந்திருக்கிறோம். அந்த மரியாதையைத் தெருவுக்கும் கொண்டுபோனால் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதைக் கேட்க உனக்குக் கஷ்டமாக இருக்கலாம். அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில், ஆதிச் சபையில் எழுந்த முறுமுறுப்பு எதைப் பற்றியது தெரியுமா? சாப்பாட்டுப் பங்கீட்டைப் பற்றியது. அன்றாட உணவுப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசும் விதவைகள் விடுபட்டுப் போனார்கள். அப்போஸ்தலர்கள் முறுமுறுத்தவர்களை அதட்டவில்லை. பந்திவிசாரணைக்கு ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு தொடங்கி அந்த ஏழு பேரின் பெயரும் கிரேக்கப் பெயர்கள். அதாவது விடுபட்டவர்களின் பக்கத்து மனிதர்கள் கையிலேயே கரண்டியைக் கொடுத்தார்கள். நம் சபையில் பங்கீட்டுக் கமிட்டி போடும்போது யார் யார் பெயர் வருகிறது என்று பார். ஒரே தெரு, ஒரே சொந்தம் என்றால் யாரோ விடுபட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். மேலத்தெருப் பிள்ளைகள் சமைத்துக் கீழத்தெருவுக்குக் கொடுத்துவிட்டு வருவது எனக்குச் சம்மதமில்லை. கீழத்தெருப் பிள்ளைகளும் சேர்ந்து சமைக்கட்டும், அவர்கள் பரிமாற மற்றவர்கள் உட்காரட்டும். உன் காலத்திலாவது இது நடக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

சபை சோறு போட்டால் மட்டும் பசி தீர்ந்துவிடுமா என்று கேட்டால், தீராது. நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில் ஆர்தர் சைமன் என்று ஒரு லூத்தரன் குருவானவர் இருந்தார். வாசலுக்கு வருகிறவர்களுக்கு எவ்வளவுதான் கொடுத்தாலும் வரிசை குறையவில்லை என்று கண்டு, கத்தோலிக்கர்களையும் மற்றச் சபையாரையும் சேர்த்துக்கொண்டு 1974-இல் ‘பிரெட் ஃபார் தி வேர்ல்ட்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். அவர்கள் வழி விசேஷமானது. உணவுத் திட்டங்களுக்குப் பணத்தைக் குறைக்காதீர்கள் என்று சபையார் தங்கள் பிரதிநிதிகளுக்குக் கையால் கடிதம் எழுதுவார்கள். அந்தக் கடிதங்களைக் காணிக்கையாகப் படைத்துவிட்டு அனுப்புவார்கள்.

ஹோலி அப்போசல்ஸ் அடுப்பு மூட்டிய அதே 1982-இல்தான் எம்.ஜி.ஆர். இங்கே சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அதற்கு முந்தின வருடம் அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவுக்கான பணத்தை வெட்டியிருந்தார்கள். அங்கே அரசு பின்வாங்கிய இடத்தில் சபைகள் போய் நிற்க வேண்டியிருந்தது. இங்கே லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு அரசே தட்டு வைத்தது. அந்த அளவில் எந்தச் சபையாலும் செய்ய முடியாது. ஆகையால் அரசு கொடுப்பது உரியவருக்குப் போய்ச் சேர உதவுவதும் உங்கள் ஊழியம்தான். தனியாக இருக்கும் பாட்டிக்கு ரேஷன் கார்டு இருக்கிறதா, கைரேகை விழவில்லை என்று கடையில் திருப்பி அனுப்புகிறார்களா, முதியோர் உதவித்தொகைக்கு மனுப் போட்டிருக்கிறாரா என்று விசாரி. கூடவே போய் நில். ஒரு கார்டு வாங்கிக் கொடுத்தால் மாதா மாதம் அரிசி வரும். நூறு பொட்டலம் செய்யாத வேலை அது.

இனி உன் திட்டத்துக்கு வருகிறேன். முதலில் சமைக்காதே; ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார். வார்டில் இருக்கும் நோயாளிக்கு ஆஸ்பத்திரிச் சாப்பாடு உண்டு. துணைக்கு வந்து வராந்தாவில் படுத்திருப்பவர்தான் பெரும்பாலும் பட்டினி. அவருக்கு எந்த வேளையில் பசிக்கிறது, வேறு யார் எப்போது கொடுக்கிறார்கள் என்று அவரிடமே கேள். மதியத்துக்கு நாலு பேர் கொடுத்து ராத்திரிக்கு ஒருவரும் இல்லை என்றால் நீங்கள் ராத்திரிக்குப் போங்கள்.

வாரத்தில் ஒரே ஒரு கிழமையைத் தேர்ந்தெடுங்கள். இருபது பேர் போதும். மழையானாலும், பரீட்சையானாலும், சபைத் தேர்தல் சண்டையானாலும் அந்தக் கிழமை தவறக்கூடாது. நீங்கள் வருவீர்கள் என்று நம்பி ஒருவர் கையில் இருக்கும் பத்து ரூபாயைப் பஸ்ஸுக்கு வைத்துக்கொள்வார். வராமல் போனால் அவருக்கு நீங்கள் செய்தது துரோகம்.

பிரியாணி வேண்டாம். வயதானவர்கள் மெல்ல முடியாது, சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் உள்ளவர்கள் அதிகம். குழைந்த சோறு, பருப்பு, ஒரு காய், முடிந்தால் முட்டை. காரமும் உப்பும் குறைவாக. சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் அவர்கள் வாயில் போக வேண்டும். நம் ஊர் வெயிலில் அதற்கும் முன்னால். கல்யாண வீட்டில் மீந்ததை வாங்கிக் கொடுப்பதாக இருந்தால், நீங்கள் முதலில் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

பணத்துக்குப் பெரியவர்கள் வீட்டுக் கதவை ஓயாமல் தட்டாதே. நம் பெண்கள் சங்கத்தில் பிடி அரிசி எடுத்து வைக்கும் பழக்கம் உனக்குத் தெரியும். உலை வைக்கும்போது ஒரு பிடியைத் தனியாக எடுத்துப் பானையில் போடுவார்கள். மிசோரமில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910 முதல் இதைச் செய்கிறார்கள். கையளவு அரிசியிலிருந்து இன்று கோடிக்கணக்கில் பணம் திரள்கிறது. உன் பாட்டியைக் கேட்டால் அவள் காலத்தில் எப்படிச் சேர்த்தார்கள் என்று சொல்வாள். ஐம்பது வீடு ஒத்துக்கொண்டால் வாரம் இருபது பேருக்கு அரிசி பற்றாக்குறை வராது. வரவு செலவை மாதா மாதம் கோயில் பலகையில் எழுதிப் போடு. இரண்டு ரூபாய்க் குழப்பத்தில் நின்றுபோன நல்ல காரியங்கள் நம் சபை வட்டாரத்திலேயே உண்டு.

சங்கக் கூட்டத்தில் இந்தக் கடிதத்தை வாசிப்பதாக இருந்தால் முழுவதையும் வாசி; கீழத்தெரு விஷயத்தை விட்டுவிடாதே. எந்தக் கிழமை என்று முடிவானதும் எனக்கு எழுது. முதல் மாதத்துக்கான பருப்புச் செலவு என் பொறுப்பு. கிறிஸ்துமஸுக்கு என்று வாங்கிய பணத்தை அப்படியே வைத்திருந்து ஜனவரி முதல் வாரத்தில் தொடங்குங்கள்.

அன்புடன்,
பெரியப்பா