அலைந்து கற்றவர்

அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் உள்ள ஜேம்ஸ்டவுன் என்னும் ஊரில், கால்நடை மருத்துவர் ஒருவரின் மகனாக 1908ஆம் ஆண்டு பிறந்தவர் லூயி லமூர். உழவு நொடித்து வங்கிகள் மூடப்பட்டமையால், 1923இல் அக்குடும்பம் பிழைப்புத் தேடி ஊரைவிட்டுப் புறப்பட்டது. பதினைந்து வயது லூயியின் பள்ளிப்படிப்பு அத்துடன் நின்றது, வாசிப்பு நிற்கவில்லை.

இறந்த மாடுகளின் தோலை உரித்தார், வைக்கோல் கட்டினார், சுரங்கத்தில் உழைத்தார், கப்பலில் மாலுமியானார், பணத்திற்காகக் குத்துச்சண்டை மேடையும் ஏறினார். தோல் உரிக்கும் பணியில் உடனிருந்த முதியவர் ஒருவர், அப்பாச்சே பழங்குடியினரிடையே வளர்ந்தவர். அவர் சொன்ன செய்திகளே தம் கதைகளுக்கு வித்தாயின என்பார் லமூர். ஊர் ஊராய் அலைந்த அந்நாள்களிலும், படித்த நூல்களை ஆண்டுவாரியாகப் பட்டியலிட்டு வைத்தார்.

முப்பதுகளில் அவர் இதழ்களுக்கு அனுப்பிய கதைகள் தொடர்ந்து திரும்பி வந்தன. இரண்டாம் உலகப்போரில் படைவீரராக ஐரோப்பா சென்று திரும்பியபின், மேற்கு அமெரிக்காவின் குடியேற்றக் காலத்தைக் களமாகக் கொண்டு மலிவு விலை இதழ்களில் எழுதினார். வருவாய்க்காக, வேறோர் எழுத்தாளர் படைத்த ஹோபலாங் காசிடி என்னும் கதைத்தலைவனை வைத்து, டெக்ஸ் பர்ன்ஸ் என்ற புனைபெயரில் நான்கு புதினங்கள் எழுதினார். பதிப்பகத்தார் விரும்பியவாறு எழுத நேர்ந்ததை அவர் மனம் ஏற்கவில்லை. அவை தம்முடையவை அல்ல என்றே இறுதிவரை மறுத்துவந்தார். அவர் மறைவுக்குப் பின்னரே அவை அவர் பெயரில் வெளிவந்தன.

1952இல் அவர் எழுதிய சிறுகதையொன்று, மறு ஆண்டு ஜான் வெய்ன் நடித்த 'ஹோண்டோ' திரைப்படமாயிற்று. அதனையொட்டி வெளிவந்த அதே பெயருடைய புதினம் நாற்பத்தைந்து வயதில் அவருக்குப் புகழ் தேடித்தந்தது. பின்னர் சாக்கெட் குடும்பத்தின் பல தலைமுறைகளைத் தொடர்புதினங்களாக எழுதினார். தாம் எழுதும் மலையையும் பள்ளத்தாக்கையும் நேரில் கண்டறிவதில் பிடிவாதமானவர். கதையில் ஓர் ஊற்று வருமாயின், அது நிலத்திலும் இருக்கவேண்டும் என்பது அவர் கொள்கை.

கதைப்போக்கு ஒரே அச்சில் வார்த்தது என்னும் திறனாய்வாளர் குறையைப் புறந்தள்ள இயலாது. பழங்குடியினரை அவர் மதித்து எழுதினாலும், பெரும்பாலும் குடியேறியவர் கண்கொண்டே அந்நிலத்தைக் கண்டார். வாசகரோ கோடிக்கணக்கில் அவர் நூல்களை வாங்கினர். 1984இல் குடியரசுத் தலைவரின் சுதந்திரப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது.

1988 ஜூன் 10ஆம் நாள் லமூர் மறைந்தார். மறு ஆண்டு வெளியான தன்வரலாற்று நூலின் பின்னிணைப்பில், இளமையில் அவர் எழுதிவைத்த வாசிப்புப் பட்டியல்கள் இடம்பெற்றுள்ளன.