பொம்மை வீரனுக்குப் பெயின்ட் உரிகிறதா?

மேசைப் போர் விளையாட்டுக்கான 28 மி.மீ. வீரர்களுக்குக் கண் வலிக்க வண்ணம் தீட்டி, இரண்டே ஆட்டத்தில் மூக்கும் ஈட்டி முனையும் வெளுத்துப்போனால் எரிச்சல்தான்.

1. முதலில் குளிப்பாட்டுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், பழைய டூத்பிரஷ் போதும். ரெசின், உலோக பொம்மைகளில் அச்சிலிருந்து ஒட்டிவரும் பிசுக்கு பெயின்டைப் பிடிக்கவிடாது. கொதிநீர் வேண்டாம், ரெசின் வளைந்துவிடும்.

2. பொம்மையைப் பாட்டில் மூடியில் ஒட்டிவைத்து, மூடியைப் பிடித்துத் தீட்டுங்கள். விரல் எண்ணெய் படாது.

3. ப்ரைமர் (அடிப்பூச்சு) ஸ்ப்ரேயை நன்றாகக் குலுக்கி, காற்றோட்டமான இடத்தில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து மெல்லியதாக அடியுங்கள். மழை நாளில் தொடவே வேண்டாம். ஈரக்காற்றில் மாவு தூவியதுபோலச் சொரசொரப்பாகி, முகமே மறைந்துவிடும். அவசரமென்றால் பிரஷ்ஷால் பூசும் ப்ரைமர் இருக்கிறது.

4. அக்ரிலிக் பெயின்டில் கொஞ்சம் தண்ணீர் கலந்து இரண்டு பூச்சு கொடுங்கள். கெட்டியாக அப்பினால் சட்டை மடிப்பு, பொத்தான் எல்லாம் மூழ்கிவிடும்.

5. நன்றாகக் காய்ந்ததும் மேட் வார்னிஷ் அடியுங்கள். ஆட்டத்தில் விரல் உரசுவதைத் தாங்குவது அதுதான். நகர்த்தும்போது அடித்தட்டைப் பிடியுங்கள். தலையைப் பிடித்துத் தூக்கும் நண்பரைத் திருத்துவது உங்கள் பாடு.